குறை அல்ல, பிழை

மதுரை
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

புதன்கிழமை இரவு போனில் நீ கேட்டதற்கு அவசரத்தில் தப்பாகப் பதில் சொல்லிவிட்டேன். ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஒதெல்லோ என்றால் பொறாமை, மாக்பெத் என்றால் பேராசை, ஹாம்லெட் என்றால் தயக்கம் என்று உன் மாணவர்கள் மளிகைக் கடைச் சிட்டை மாதிரி எழுதித் தருகிறார்கள் என்று சிரித்தாய். நாயகனைக் கவிழ்க்கும் அந்தச் சங்கதிக்குத் தமிழில் என்ன சொல் போடலாம் என்று கேட்டாய். 'குறை' என்றேன். போனை வைத்ததும் உறுத்த ஆரம்பித்தது. முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்திச் சோறு தின்றவன், கையிலிருந்த சொல்லை விட்டுவிட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

குறை ஒருவனிடம் இருப்பது. பிழை ஒருவன் செய்வது. நாயகன் வீழ்வதற்குக் காரணமாக அரிஸ்டாட்டில் எழுதிய 'ஹமார்ட்டியா' என்ற கிரேக்கச் சொல், குறி தவறுவதைச் சொல்லும் வினையிலிருந்து வந்தது என்று போன விடுமுறையில் நீதான் எனக்குச் சொன்னாய். நம் சொல்லும் அதே வில்லாளி வீட்டுப் பிள்ளைதான். 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்ற 772ஆம் குறளைப் பார். யானைமேல் எறிந்து குறி தவறிய வேலுக்கு வள்ளுவர் வைத்த சொல் 'பிழைத்த வேல்'. அந்த வேலில் குறை ஒன்றும் இல்லை.

இது தோன்றியதும் சிலப்பதிகாரத்தை எடுத்தேன். பழைய தொழில்புத்தி போகவில்லை, பென்சிலோடுதான் உட்கார்ந்தேன். பதிகத்தில் 'அரைசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதூஉம்'. அரண்மனை வாசலில் கண்ணகி காவலாளியைக் கூப்பிடுகிறபோது 'இறைமுறை பிழைத்தோன் வாயிலோயே'. கடைசியில் பாண்டியனே தன் வாயால், 'மன்பதை காக்கும் தென்புலம் காவல் என்முதல் பிழைத்தது, கெடுக என் ஆயுள்'. பிழைத்தோர், பிழைத்தோன், பிழைத்தது. ஆசிரியர், வழக்காடி, குற்றவாளி மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் எடுக்கிறார்கள். இத்தனை வருடம் படித்தும் இது என் கண்ணில் படவில்லை என்பது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பாண்டியனை எடுத்துக்கொள். அவன் கெட்டவன் இல்லை. ஆடல் மகளிரின் ஆட்டத்தைப் பார்த்து அவன் மனம் போய்விட்டது என்று கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சாக்குச் சொல்லி எழுந்து போகிறாள். சமாதானம் செய்ய அவன் பின்னாலேயே போகிறான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். 'கன்றிய கள்வன் கையது ஆகில் கொன்று அச்சிலம்பு கொணர்க ஈங்கு.' அவ்வளவுதான். 'கொல்ல' என்று சொல்ல வந்தவன் வாய் தவறிக் 'கொன்று' என்று சொல்லிவிட்டான் என ஒரு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அரசனைக் காப்பாற்ற அச்சுப்பிழை என்று சொல்வது போல இருக்கிறது. அவன் சொல்ல நினைத்ததைத்தான் சொன்னான். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அந்த இடத்தில் இளங்கோ 'தேரான் ஆகி' என்று எழுதுகிறார். பின்னால் கண்ணகி அவையில் நின்று 'தேரா மன்னா' என்கிறாள். வழியில் நடந்தது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் சரியாக அதே சொல். தேவியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். உடைத்ததும் ஒரு மணி தெறித்துப் போய் அவன் வாயில் படுகிறது. ஆணை புறப்பட்ட அதே வாய்.

இப்போது உன் ஆட்களை இங்கே கூட்டி வா. கிரேக்க நாடகத்தில் வரும் தீபஸ் நாட்டு அரசன் ஈடிபஸ் அந்த வழியில் நின்றிருந்தால் பொற்கொல்லனைக் குடைந்து குடைந்து கேட்டிருப்பான். போதும் விட்டுவிடு என்று மனைவி யொகாஸ்டா கெஞ்சியும், முந்தைய அரசனைக் கொன்றவன் யார் என்று விடாமல் விசாரித்து, அது தானே என்று கண்டவன் அல்லவா? அவனைக் கெடுத்ததே அந்த விசாரணை. நம் அரசனைக் கெடுத்தது ஒரு கேள்வி கூடக் கேட்காதது. ஹாம்லெட் மதுரையில் அரசனாக இருந்திருந்தால் ஆயிரம் யோசனை செய்து நாளைக்குப் பார்ப்போம் என்றிருப்பான், கோவலன் பிழைத்திருப்பான். பாண்டியன் டென்மார்க்கில் பிறந்திருந்தால் முதல் அங்கத்திலேயே அப்பாவைக் கொன்ற சித்தப்பன் கதை முடிந்திருக்கும். தயக்கம் குறை என்று எப்படி மதிப்பெண் போடுவாய்? மனைவியைச் சந்தேகிக்க ஒதெல்லோவுக்கு ஒரு கைக்குட்டை, இவனுக்குச் சிலம்பு. ஒதெல்லோவின் காதில் இயாகோ ஒவ்வொரு சொல்லாக ஊற்றி நாடகம் முழுக்க உழைக்க வேண்டியிருந்தது. நம் ஊர்ப் பொற்கொல்லனுக்கு ஒரு நிமிடம் போதுமானதாக இருந்தது.

கோவலனைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கடற்கரையில் ஒரு பாட்டைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டு எழுந்து போனவன். பழங்காநத்தம் பக்கம் கோவலன் பொட்டலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உன் அம்மா 'பாவம்' என்பாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாண்டியனுக்காக நான் ஏன் இவ்வளவு வாதாடுகிறேன் என்று நினைப்பாய். நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது இது, உன் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நான் அப்போது வேலை பார்த்த அச்சகத்தில் பன்னிரண்டு பாயிண்ட் அளவு ஈய எழுத்து ஒரு செட்டு காணவில்லை. ஈயத்துக்கு எடைக்குப் போட்டால் காசு. புதிதாகச் சேர்ந்த, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் பையனின் சாப்பாட்டுத் தூக்கு கனமாக இருந்ததாக ஒருவர் முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். தீபாவளி மலர் வேலை, மேஜையில் பிழை பார்க்க அடித்த, ஈரம் காயாத கேலி புரூஃப் தாள் குவிந்து கிடந்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, 'நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்றார். தாளிலிருந்து தலையைத் தூக்காமல், 'அவன்தான் எடுத்திருப்பான்' என்றேன். ஒற்றுப்பிழை ஒன்றைச் சுழித்துக்கொண்டிருந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது. பையன் அன்று மாலையே போய்விட்டான்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ரேக்கை நகர்த்தியபோது அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்காகக் கோத்த எழுத்து, நூல் கட்டியபடி, பிரித்து எழுத்துப் பெட்டியில் போடாமல் கிடந்தது. எல்லாம் பன்னிரண்டு பாயிண்ட்.

உசிலம்பட்டிப் பக்கம் அவன் ஊரைத் தேடிப் போனேன். அவன் திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொல்லி அவன் அம்மா மோர் கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வாய் வரவில்லை. சம்பளப் பாக்கி என்று பொய் சொல்லி நாற்பது ரூபாயை வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்தேன். பாண்டியன் அரியணையிலிருந்து விழுந்து செத்தான். நான் பிழைத்தேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் இருப்பதை உன் மாணவர்களுக்கு நீ எப்படி ஆங்கிலத்தில் சொல்லப்போகிறாய் என்று தெரியவில்லை.

அம்மா சுங்குடிச் சேலை இரண்டும் முறுக்கும் பார்சலில் அனுப்பியிருக்கிறாள். முறுக்கு உடைந்திருந்தால் கட்டியது நான்தான்.

உன் கட்டுரையில் இந்த அச்சகக் கதையைச் சேர்த்துவிடாதே. 'குறை' என்று எங்காவது எழுதியிருந்தால் அடித்துவிட்டு மேலே 'பிழை' என்று போடு. ஓரத்தில் கோடு இழுக்க மறக்காதே, இல்லையென்றால் கம்போஸ் செய்கிறவர் கவனிக்க மாட்டார்.

அன்புடன்,
அப்பா