உரம் குறைவா போட்ட வயல்லயும் ரகத்தை சோதிச்சுட்டு சொல்லுங்க

மக்காச்சோள ரகங்களைப் பரிந்துரை பண்ற ஆராய்ச்சியாளர்களுக்கும் வேளாண் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன போகம் நீங்க சொன்ன ஹைபிரிட்டைத்தான் போட்டேன், நீங்க சொன்ன கணக்குப்படியே யூரியால பாதியை விதைப்போட அடியுரமா கொடுத்தேன். பத்தாம் நாள் புடிச்ச மழை மூணு நாள் விடல. யூரியா நைட்ரேட்டா மாறிட்டா மண்ணு அதைப் புடிச்சு வைக்காது, தண்ணியோட வேருக்குக் கீழ போயிடும், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா. அந்த வயசுல பயிருக்குத் தேவையே கொஞ்சந்தான், முழங்கால் உயரத்துல இருந்து ஆண் பூ வர்ற வரைக்கும்தான் அது தழைச்சத்தை, அதாவது யூரியால இருக்கற நைட்ரஜனை, வாரி இழுக்குது. அந்த நேரத்துல மண்ணுல ஒண்ணும் இல்ல, இன்னொரு தடவை உரம் வாங்க என் கையிலயும் ஒண்ணும் இல்ல.

அடி இலைல நுனியில மஞ்சள் ஆரம்பிச்சு நடு நரம்பு வழியா உள்ள ஏறுச்சு, ஓரம் மட்டும் பச்சை. அப்புறம் ஆண் பூ மகரந்தம் கொட்டி முடிக்கிற நேரத்துலதான் கதிர்ல பட்டு நூல் எட்டிப் பார்த்துச்சு, மகரந்தம் விழாத நூலுக்கு மணி பிடிக்காது. உரிச்சுப் பார்த்தா அடியில கொஞ்சம் மணி, மேல வெறும் சக்கை. ஒவ்வொரு கதிரா உரிச்சுட்டு வரப்புலயே உக்காந்துட்டேன்.

ஐயா, அம்மா, நீங்க விளைச்சல்னு சொல்ற நம்பர் முழு உரம் போட்ட பாத்தில எடுத்தது. எங்க வயல் அப்படி இல்ல. உரம் குறைஞ்சா எந்த ரகம் தாங்கும், எது படுத்துடும், அதை நீங்க அளந்து சொல்லாம எங்களுக்கு எப்படித் தெரியும்? மெக்சிகோல இருக்கற சர்வதேச மக்காச்சோளம், கோதுமை ஆராய்ச்சி மையமான சிம்மிட்ல 1980கள்லயே தழைச்சத்து குறைவான வயல்ல வச்சு மக்காச்சோளத்தைத் தேர்வு பண்ண ஆரம்பிச்சாங்க, ஆண் பூவுக்கும் பட்டு நூலுக்கும் நடுவுல எத்தனை நாள் இடைவெளின்னும் பார்த்து, அது குறைவா இருக்கறதைப் பொறுக்கினாங்க. அப்ப முடிஞ்சது இப்ப ஏன் முடியல?

ஹைபிரிட் விதையை எடுத்து வச்சு மறுபடி போட்டா வீரியம் போயிடும், அதனால போகத்துக்குப் போகம் காசு கொடுத்து வாங்கறோம். உலகம் முழுக்க தானியப் பயிருக்குப் போடற தழைச்சத்துல மூணுல ஒரு பங்குதான் பயனாகுதுன்னு 1999லயே கணக்கு வந்தாச்சு, மிச்சத்துல நிறைய காத்துலயும் தண்ணியிலயும் போகுது, அந்தத் தண்ணியைத்தான் நம்ம புள்ளைங்க குடிக்குது. விளைச்சல் கொறஞ்சா மட்டும் விவசாயி சரியா பராமரிக்கலன்னு எழுதிடறீங்க. அது வலிக்குதுங்க.

கோபத்துல ஏதாவது கூட பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க. கேக்கறது ஒண்ணுதான், உரம் குறைவான பாத்திலயும் ஒவ்வொரு ரகத்தையும் போட்டுப் பாருங்க, ரெண்டு விளைச்சலையும் பக்கத்துல பக்கத்துல போட்டு அச்சடிச்சுக் கொடுங்க. அடியுரத்தைக் கொறைச்சு, மேலுரத்தை மழையைப் பார்த்துப் பிரிச்சுப் போடற மாதிரி பரிந்துரையையும் மாத்திக் கொடுங்க. அடுத்த விதைப்புக்கு முன்னாடி கிடைச்சா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
மக்காச்சோளம் போடற ஒரு விவசாயி