ஆழ்கடல் மிதவையில் படகைக் கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் புயல் செய்தியோடு செயற்கைக்கோள் படமும் தவறாமல் வந்துவிடுகிறது. அந்தப் புயல் உருவாகும் கடலிலேயே மிதந்துகொண்டு காற்றையும் அழுத்தத்தையும் நேரடியாக அளக்கும் மஞ்சள் மிதவைகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட வருவதில்லை. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் (என்.ஐ.ஓ.டி.) வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் அவற்றை நிறுத்திப் பராமரிக்கிறது. இந்த மிதவைகளுக்குப் பெருஞ்சேதம் நம் மீன்பிடிப் படகுகளால் நேர்கிறது. அதைக் குறைக்க வழி இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

செயற்கைக்கோள் மேலிருந்து பார்ப்பதால் கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தை நேரடியாக அளக்க முடியாது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றிக் கடல்பரப்புக் காற்றை அளக்கும் செயற்கைக்கோளும் ஒரே இடத்தை நாளுக்கு ஓரிரு முறைதான் கடக்கும். அமெரிக்காவில் சூறாவளிக்குள்ளேயே விமானத்தை ஓட்டி அளக்கிறார்கள். நம்மிடம் அப்படி வழக்கமான ஏற்பாடு கிடையாது. நீர்ப்பரப்புக்குக் கீழே வெப்பம் எத்தனை மீட்டர் ஆழம்வரை தேங்கியிருக்கிறது என்பதும் மேலிருந்து தெரியாது. புயலுக்கு வலு கூடுமா குறையுமா என்பதில் இந்த ஆழத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மேலடுக்கு மட்டும் சூடாக இருந்தால் புயலே கடலைக் கலக்கிக் கீழிருக்கும் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவந்து, தானும் வலு இழக்கும். வட வங்கக் கடலிலோ கங்கை, பிரம்மபுத்திரா ஆறுகளின் நன்னீர் மேலே ஒரு மூடியாகப் படர்ந்து இந்தக் கலக்கலைத் தடுத்துவிடுகிறது. அதனால் வெப்பத்தோடு உப்புத்தன்மையையும் சேர்த்து அளக்க வேண்டியிருக்கிறது. ஒக்கி புயல் 2017 நவம்பர் 29-இல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் புயலாகிவிட்டது. இவ்வளவு வேகமாக மாறும் கடலில் ஒவ்வொரு நேரடி அளவும் முக்கியம்.

சென்னைக்குக் கிழக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தொலைவில் பி.டி.11 என்ற மிதவையின் நிலையம் இருக்கிறது. அங்கே ஆழம் 3,000 மீட்டருக்கு மேல். மிதவையின் தூணில் காற்றுமானி, அழுத்தமானி, மழைமானி, வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் கருவிகள், சூரியத் தகடுகள், ஆண்டெனா எல்லாம் இருக்கும். அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பி 500 மீட்டர் ஆழம்வரை தொங்குகிறது. வெப்பத்தையும் உப்பையும் அளக்கும் கருவிகளை அதில் இடைவெளி விட்டுக் கவ்விகளால் பிடித்திருப்பார்கள். அவற்றுக்குத் தனித்தனி வயர் கிடையாது. எஃகுக் கம்பி ஒரு பாதையாகவும் கடல்நீர் மறுபாதையாகவும் ஆகி, கருவிகள் எடுக்கும் அளவு தூண்டல் முறையில், அதாவது வயர் இணைப்பு இல்லாமல் காந்தப்புலம் வழியாக, மேலே ஏறுகிறது. கம்பிக்குக் கீழே முதலில் நீரில் அமிழும் நைலான் கயிறு, அதற்கும் கீழே மிதக்கும் பாலிப்ரொப்பிலீன் கயிறு. இவை இரண்டும் சேர்ந்து கயிற்றை நீருக்குள் 'எஸ்' வடிவில் நிறுத்துவதால், தளர்வாக விட்ட கயிறு மேலே வந்து படகுகளில் சிக்குவதும் இல்லை, கடல்தரையில் உராய்ந்து தேய்வதும் இல்லை. கடைசியில் ஒலி சமிக்ஞை கேட்டுத் திறக்கும் கொக்கியும், தரையில் உட்கார டன் கணக்கிலான எடையும் இருக்கும்.

இவ்வளவையும் கடலில் இறக்குவதே பெரும் வேலை. மிதவையை முதலில் நீரில் விட்டுக் கப்பலை மெதுவாக நகர்த்தியபடியே கம்பியையும் கருவிகளையும் வரிசையாக இறக்க வேண்டும், பிறகு கிலோமீட்டர் கணக்கில் கயிறு. குறித்த இடத்தைக் கொஞ்சம் தாண்டிய பிறகே எடையைத் தள்ளுவார்கள், ஏனென்றால் விழும் எடை மிதவை இருக்கும் பக்கமாகப் பின்வாங்கும். அமைதியான கடலில்தான் இதைச் செய்ய முடியும். அக்டோபரில் ஒரு மிதவை அறுந்தால் அந்தப் புயல் பருவம் முடியும்வரை அந்த இடம் வெறுமையாகவே கிடக்க நேரிடுகிறது. அளவு மிகவும் தேவைப்படும் மாதங்களும் பழுது பார்க்க முடியாத மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

படகுகள் ஏன் அங்கே போகின்றன? கடலில் எது மிதந்தாலும் பாசியும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரியும் பிடிக்கும். அதை நாடிச் சிறுமீன் வரும், சிறுமீனைத் தேடிச் சூரை மீன் வரும். நாள்கணக்கில் தங்கிப் பிடிக்கும் விசைப்படகுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 3,000 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் எட்டாது. ஓட்டத்தில் விலகாமல் நிற்க வேண்டுமானால் இரவெல்லாம் டீசலை எரிக்க வேண்டும். அந்த வெட்டவெளியில் நகராமல் நிற்கும் ஒரே பிடி மிதவைதான். கயிற்றை அதில் போட்டுவிட்டால் எரிபொருளும் மிச்சம், மீனும் கிடைக்கிறது. இதைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. பிழைப்பின் கணக்கு அப்படி அமைந்துவிட்டது.

மிதவை தன் எடைக்கும் அலைக்கும் காற்றுக்கும் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதில் டன் கணக்கான படகொன்று தொங்கும்போது அலைக்கு அலை வெட்டியிழுக்கும். இணைப்பு வளையங்கள் தேய்ந்து கடைசியில் கயிறு அறும். படகு உரசினால் தூண் சாயும், சூரியத் தகடு உடையும், மின்கலம் காலியாகி மிதவை ஊமையாகிவிடும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் சேதங்கள். நீண்ட கயிற்றில் வரிசையாக முட்கள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலின் முள் எஃகுக் கம்பியின் உறையைக் கீறினால் வெளியே ஒன்றுமே தெரியாது. ஆனால் கீறல் வழியே கடல்நீர் புகுந்து மின்பாதை அந்த இடத்திலேயே முடிந்துவிடுவதால், அதற்குக் கீழே உள்ள கருவிகள் எதுவும் பேசாது. கம்பியும் உள்ளுக்குள் துருப்பிடிக்கத் தொடங்கும். எஃகுப் படகு பக்கத்திலேயே நின்றால் மிதவையின் திசைகாட்டி திரிந்து காற்றின் திசை தவறாகப் பதிவாகும். பொய்யான அளவு வருவதைவிட அளவே வராமல் இருப்பது மேல் என்பது எங்கள் கருத்து.

சுனாமி மிதவையின் நிலை இன்னும் கவலைக்குரியது. கடல்தரையில் உள்ள அழுத்தப் பதிவி, மேலே நிற்கும் நீரின் உயரத்தில் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் உணரும். 15 விநாடிக்கு ஒருமுறை அளந்து, எதிர்பார்த்த அளவிலிருந்து 30 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் எச்சரிக்கை நிலைக்கு மாறும். அந்தச் செய்தி ஒலியாக மேலே போய், மிதவை வழியாகச் செயற்கைக்கோளுக்கும், அங்கிருந்து ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கும் சேர வேண்டும். மேலே மிதவை இழுபட்டு விலகிவிட்டால், தரையில் பதிவி நலமாக இருந்தும் பயனில்லை.

இது நம் கடலில் மட்டும் உள்ள சிக்கலுமல்ல. பசிபிக்கிலும் சூரை மீன்பிடி மிகுந்த பகுதிகளில்தான் மிதவைகள் அதிகம் சேதமாகின்றன. இந்தியாவும் உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் சூரைமீன் ஆணையம், தரவு மிதவையிலிருந்து ஒரு கடல் மைலுக்குள், அதாவது 1,852 மீட்டருக்குள், வேண்டுமென்றே மீன்பிடிப்பதையும் மிதவையில் படகு கட்டுவதையும் நங்கூரக் கயிற்றை வெட்டுவதையும் 2011-லேயே தடை செய்தது. இந்த விதி துறைமுகத்தில் எத்தனை டிரைவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது?

தூண்டில் தப்பித்தவறி மிதவையில் சிக்கினால் மிதவையின் கம்பியில் கத்தி வைக்க வேண்டாம். முள்ளுக்கு அருகே, அது தொங்கும் தன் தூண்டிலின் கிளைக்கயிற்றை அறுத்துக்கொள்வது போதும். இடத்தின் ஜி.பி.எஸ். எண்களையும் நேரத்தையும் குறித்துக் கரைக்கு வந்ததும் மீன்வளத் துறை அலுவலகத்தில் தெரிவிக்கலாம். அறுந்து மிதந்துவரும் மிதவையைப் படகில் ஏற்றவோ திறக்கவோ கூடாது. மூடிய அறைக்குள் மின்கலங்கள் வெளியிடும் வாயு தேங்கியிருந்தால் ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். தகவல் தருபவர் மீது வழக்கு வராது என்ற உறுதியை அரசு எழுத்தில் தர வேண்டும். பயந்தால் யாரும் சொல்ல வரமாட்டார்கள்.

பாக் நீரிணையின் இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் சூரைப் படகுகள் தரும் திட்டம் 2017-இல் தொடங்கியது. படகின் விலையில் ஒன்றிய அரசு 50 சதவீதமும் மாநில அரசு 20 சதவீதமும் தருவதாக அப்போது ஏற்பாடு. ஆழ்கடலுக்குப் புதிதாகப் போகும் அந்தப் படகுகளின் டிரைவர்களுக்கான பயிற்சியில் மிதவையைப் பற்றி அரை நாள் பாடம் கட்டாயமாக இருக்க வேண்டும். கூடவே மீன்களை ஈர்க்கவென்றே தனி மிதவைகளை ஆழ்கடலில் போட்டுத் தர வேண்டும். லட்சத்தீவில் சூரைக்காக இப்படிப் போட்டிருக்கிறார்கள். கட்டிக்கொள்ள வேறு பிடி கொடுக்காமல் 'கட்டாதே' என்று மட்டும் சொன்னால் நடுக்கடலில் அது எடுபடாது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு கோரிக்கை. புயல் சின்னம் உருவாகும் நாள்களில், வானிலைப் பகுதியில் அருகிலுள்ள மிதவை காட்டும் காற்று, அழுத்தம், நீர்வெப்பம் ஆகியவற்றை ஒரு சிறு கட்டத்தில் வெளியிடுங்கள். எந்த மிதவையிலிருந்து அளவு வரவில்லை என்பதையும் அதே கட்டத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடல் அளவீட்டுத் துறையினர் சிலர்,
சென்னை