சில நாள் மட்டும் கிளம்பாத கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்திய என் காருக்குப் பணிமனையில் சொன்னபடி புது பேட்டரியும், பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரும் மாற்றிய பின்னும் கோளாறு தீரவில்லை. (பணிமனை வாசலில் அது சமத்தாகக் கிளம்பிவிடும் என்பது வேறு கதை.) எங்கள் தெரு மெக்கானிக் ஒருவர், வண்டி தகராறு செய்த காலையிலேயே வந்து, மல்டிமீட்டர் என்னும் மின் அளவு கருவியில் பேட்டரி முழு சார்ஜுக்கு உரிய 12.6 வோல்ட் காட்டியும் ‘டிக்’ என்ற ஒலி மட்டுமே எழுவதைக் கவனித்து, சாவியைத் திருப்பச் சொல்லி, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே அளந்தார். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இடத்தில் 3 வோல்ட் இழப்பு. அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் கேபிளின் போல்ட்டுக்கடியில் பச்சைக் களிம்பு பூத்து மின்னோட்டத்தைத் தடுத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து போல்ட்டை முறுக்கியதும் கோளாறு தீர்ந்தது. உதிரிபாகத்தை மாற்றுமுன் இந்த வோல்ட் இழப்பை அளந்து ரசீதில் எழுதித் தருவதை நகரப் பணிமனைகள் வழக்கமாக்க வேண்டுகிறேன்.

வாசகர்,
அல்சூர், பெங்களூரு