மிளகாய்த்தூள் கிடைத்ததா?

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

மிளகாய்த்தூளும் பருத்தித்துறை வடையும் கொடுத்துவிட்டு ஒரு மாதமாகிறது. கிடைத்ததா என்று நீ சொல்லவில்லை. வட்சப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதில்லை. சரி, வேலையாக இருப்பாய். இரவு வேலைக்கு மாறிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். வேறும் சொன்னாள், அதை விடுவோம். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவுக்குச் சீனி குறைந்திருக்கிறது. வேறு புதினம் இல்லை.

போன கிழமை வகுப்பில் இரண்டாம் உலகப் போர் எடுத்தேன். புத்தகத்தை மூடிவிட்டுப் போர்க்கைதிகளைப் பற்றிச் சொன்னேன். 1942 பெப்ரவரி 15 சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. சரியாக ஏழு கிழமை கழித்து, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பிலும் குண்டு போட்டார்கள். பிறகு சயாமில் இருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் கைதிகளைக் கொண்டு போட்ட அந்த ரயில்பாதை, 415 கிலோமீட்டர். 12,000க்கு மேற்பட்ட கைதிகள் அதிலே செத்தார்கள். மலாயாத் தோட்டங்களில் இருந்து கொண்டுபோன தமிழர் இன்னும் எத்தனை ஆயிரம்! அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை.

ஆனால் சிங்கப்பூரில் சாங்கிச் சிறையில் அடைபட்ட பெண்களின் கதைக்குத்தான் வகுப்பு அடங்கியது. தனியே கைதியாக இருந்த புருஷன்மாருக்கு ஒரு கடிதம் எழுதவும் அவர்களை விடவில்லை. எத்தெல் மல்வேனி என்று ஒரு கனடாக்காரி, உங்கள் ஊர்தான், ஆளுக்கொரு சதுரத் துணியில் பூவேலை செய்யச் சொன்னாள். ஓரத்தில் பெயரையும் தைத்தார்கள். சதுரங்களைப் பொருத்திப் போர்வையாக்கி, கைதிகளின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பெயரைக் கண்டால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரியுமல்லவா? பசி தாங்க முடியாதபோது, இல்லாத விருந்துக்குச் சமையல் குறிப்புச் சொல்லிச் சொல்லி எழுதியும் வைத்தார்கள். அம்மா இன்னும் நன்றாகத்தான் படிப்பிக்கிறேன், தம்பி. வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

அப்போது பின்வாங்குக் குழப்படிகாரன் ஒருவன் கையைத் தூக்கினான். "ரீச்சர், திரும்பி வந்த பிறகு அவையளை வீட்டு ஆக்கள் என்ன கேட்டவை?"

மணி அடித்தது, தப்பினேன்.

நீ வந்த அன்று நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். வெந்நீர் வைத்தேன். சேர்ட்டைத் தோய்க்கவும் மனமில்லாமல் குப்பையில் போட்டேன். அப்பா வாயெடுத்தார். "ஒன்றும் கேளாதேங்கோ, பிள்ளை முழுகட்டும்" என்றது நான்தான். அக்காவுக்கும் அதே கட்டளை. உன் நன்மைக்கு என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். உண்மை அதுவல்ல. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். தலையணைக்குக் கீழே பாண் துண்டு ஒன்றை ஒளித்து வைத்திருந்தாயே, அதை எறிந்ததும் நான்தான். எறும்பு வரும் என்று. நீ தேடினாய், பார்த்துக்கொண்டு நின்றேன்.

வேலை முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. குளிருக்குத் தொப்பி போடு. நேரத்துக்குச் சாப்பிடு. அக்கா சொன்ன மற்ற விஷயத்தைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுதினாலும் சரி, கதைத்தாலும் சரி. பின்னேரம் அப்பா கோயிலுக்குப் போய்விடுவார், நான் தனியத்தான் இருப்பேன்.

அங்கே உனக்குச் சாப்பிட என்ன தந்தார்கள், தம்பி?

அம்மா