ஸ்டார்ட்டர் போர்டு ஹேங் ஆனால் தானே எழுந்து வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன் செய்தால் தோட்டத்து மோட்டாரைப் போட்டு நிறுத்தும் மொபைல் ஸ்டார்ட்டரின் பராமரிப்பு பற்றி உங்கள் வேளாண் பக்கத்தில் வந்த கட்டுரை பயனுள்ளதுதான். ஆனால், போன் செய்தும் கருவி எடுக்கவில்லை என்றால் மெயினை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள் என்ற யோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. பல்லடம் பக்கம் இந்தக் கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டுகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது என் தொழில். பிறர் எழுதியது மக்கர் செய்தாலும் என்னிடம் வரும். தோட்டத்துக்கு நடக்காமல் மோட்டார் போடத்தான் விவசாயி காசு கொடுத்து இதை வாங்குகிறார். அவரையே ராத்திரியில் டார்ச்சோடு அனுப்புவதற்கு ஒரு கருவி எதற்கு?

போர்டு ஹேங் ஆவதை அடியோடு தடுக்க யாராலும் முடியாது. ஜிஎஸ்எம் மாட்யூல் (சிம் போட்டுப் போன் பேசும் பகுதி) டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் அடிக்கும்போது கிளம்பும் ஸ்பைக் (திடீர் மின்னெழுச்சி) வேறு. புரோகிராமை ஓட்டும் சிப் அதில் எங்கோ ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். இதற்காகவே சிப்புக்குள் வாட்ச்டாக் டைமர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அது எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வரும். புரோகிராம் உரிய நேரத்துக்குள் வந்து மறுபடி நிரப்பாவிட்டால், பூஜ்ஜியம் தொட்டதும் சிப்பை ரீசெட் செய்துவிடும்.

போன் எடுக்காதது சின்னத் தொல்லை. மோட்டார் ஓடும்போது போர்டு நின்றால்தான் வினை. போர்டில் உள்ள சிறு சுவிட்சான ஸ்டார்ட் ரிலே ஒரு தட்டுத் தட்டியதும் கான்டாக்டர் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். போர்டு செத்தாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். கிணற்றில் தண்ணீர் வற்றி ஆம்ப்ஸ் (மோட்டார் இழுக்கும் மின்னோட்டம்) இறங்குவதைப் பார்த்து நிறுத்த வேண்டிய ட்ரை ரன் பாதுகாப்பு, அந்தச் செத்த போர்டில்தான் இருக்கிறது. காயில் கட்டும் செலவும், போர்வெல் குழாயை மேலே தூக்கும் கூலியும் எவ்வளவு என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாச் சிப்பிலும்தான் வாட்ச்டாக் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதை எப்படி அமைத்திருக்கிறார்கள், யார் நிரப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி. நம் பக்கத்துப் போர்டுகளில் அடிக்கடி பார்க்கும் எஸ்டிஎம்32எஃப்103 சிப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் வாட்ச்டாக் தனக்கென்று உள்ள 40 கிலோஹெர்ட்ஸ் ஆசிலேட்டரில் (நொடிக்கு 40,000 துடிப்பு தரும் சுற்றில்) ஓடுகிறது. அந்தத் துடிப்பை அதிகபட்சமாக 256ஆல் வகுத்து 4096 எண்ண வைத்தால் கணக்குப்படி 26 நொடி வரும். ஆனால் அந்த ஆசிலேட்டர் 30 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. அதாவது ஒரு போர்டில் 17 நொடி, இன்னொன்றில் 35 நொடி. சிக்னல் குறைந்த தோட்டத்தில் சிம் நெட்வொர்க்கில் சேர அரை நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். புரோகிராம் அதுவரை ஒரே இடத்தில் நின்று காத்திருந்தால், மேஜையில் ஒழுங்காக ஓடிய போர்டு தோட்டத்தில் ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும்.

புகார் வந்ததும் பலர் கையாளும் குறுக்குவழி, டைமர் இன்டரப்டில் (குறித்த இடைவெளியில் முதன்மைப் புரோகிராமை இடைமறித்து ஓடும் சிறு பகுதியில்) வாட்ச்டாக்கை நிரப்பிவிடுவது. முதன்மைப் புரோகிராம் மாட்டிக்கொண்டு நின்றாலும் இன்டரப்ட் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். வகுப்புக்கு வராத பையனுக்காகப் பக்கத்து பெஞ்சுக்காரன் 'உள்ளேன் ஐயா' சொல்வதுபோலத்தான் இது. ரீசெட் நின்றுவிடும், வாடிக்கையாளரும் கொஞ்ச நாள் சும்மா இருப்பார். பிறகு ஒருநாள் மோட்டார் எரியும்.

பல வேலைகளைச் சிப்பில் மாறி மாறி ஓடவிடும் ஃப்ரீஆர்டாஸ் மென்பொருளில் எழுதினால் ஜிஎஸ்எம்முக்கு ஒன்று, ஆம்ப்ஸ் பார்க்க ஒன்று, ரிலேவுக்கு ஒன்று என்று வேலைகளைத் தனித்தனி டாஸ்க்குகளாகப் பிரிப்போம். ஒவ்வொன்றும் தன் வேலையை ஒரு சுற்று முடித்ததும் முடித்தேன் என்று காட்ட ஒரு கொடியை ஏற்ற வேண்டும். எல்லாக் கொடியும் ஏறியிருந்தால் மட்டுமே தனியாக ஒரு டாஸ்க் வாட்ச்டாக்கை நிரப்ப வேண்டும். நெட்வொர்க் தேடலைச் சின்னச் சின்னக் காத்திருப்பாக உடைத்துக்கொள்ளலாம். அரை நாள் வேலைகூட இல்லை. மாட்யூல் மட்டும் தனியாக ஹேங் ஆனால் சிப்பின் வாட்ச்டாக்குக்கு அது தெரியாது. மாட்யூலின் பவரை வெட்டிக் கொடுக்க ஒரு மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வேண்டும். அதை மிச்சம் பிடிக்கும் போர்டுகளை நான் வாங்கச் சொல்வதில்லை.

சொட்டுநீர் வால்வுகளை இயக்கும் பெரிய பெட்டிகளில் லினக்ஸ் இயங்குதளம் ஓடினாலும் கதை இதேதான். அங்கே டிரைவர் மென்பொருள் வாட்ச்டாக்கை ஒரு ஃபைலாகக் காட்டும். திறந்தால் டைமர் ஓடும், எழுதினால் நிரம்பும். மூடுவதற்கு முன் ஆங்கிலப் பெரிய எழுத்து 'வி' ஒன்றை எழுதினால், மூடியதும் டைமர் நின்றுவிடும். நோவேஅவுட் ஆப்ஷனைப் போட்டால் இந்தக் கடைசி வழி அடைபடும். தோட்டத்துப் பெட்டிக்கு அதுவே சரி. ஆனால் 5 நொடிக்கு ஒருமுறை அந்த ஃபைலில் எழுத ஒரு தனி ஸ்கிரிப்ட்டை ஓடவிட்டுப் போய்விடுகிறார்கள். வால்வு புரோகிராம் செத்துக் கிடக்கும், ஸ்கிரிப்ட் உயிரோடு இருக்கும்.

இதில் சறுக்கியது நம்மூர்க்காரர்கள் மட்டுமல்ல. 1994 மே மாதம் அமெரிக்காவின் கிளெமென்டைன் விண்கலம், புரோகிராம் சிக்கலால் த்ரஸ்டர்களை (திசை திருப்பும் சிறு ராக்கெட்டுகளை) 11 நிமிடம் எரியவிட்டு எரிபொருளைத் தீர்த்துக்கொண்டது. சிப்பில் வாட்ச்டாக் இருந்தது. அதைப் பயன்படுத்தும் புரோகிராம்தான் எழுதப்படவில்லை.

இந்தக் கருவிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. பட்டியலில் ஒரு மாடலைச் சேர்க்கும் முன் அதிகாரிகள் ஒரு சோதனை கேட்கட்டும். மோட்டார் ஓடும்போது, தயாரிப்பாளர் ஒரு ரகசிய எஸ்எம்எஸ் மூலம் ஏதாவது ஒரு டாஸ்க்கை வேண்டுமென்றே முடிவில்லாத லூப்பில் தள்ளிக் காட்ட வேண்டும். போர்டு ஒரு நிமிடத்துக்குள் தானே எழுந்து, மோட்டார் நின்றிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாமல் முதலில் ஆம்ப்ஸைப் பார்த்து, வாட்ச்டாக்கால் ரீசெட் ஆனேன் என்று உரிமையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். ரீசெட்டின் காரணத்தைச் சிப் தன் ரெஜிஸ்டரில் குறித்தே வைத்திருக்கிறது. அதைப் படித்து அனுப்பச் சில வரிகள் போதும்.

இப்படிக்கு,
போர்டு புரோகிராம் எழுதும் வாசகர்,
பல்லடம்