ஹோமில் தள்ளிவிடுவதாக எழுதிய வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் குடும்பங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், "பெற்றோருக்கு வயதானதும் ஹோமில் தள்ளிவிட்டுப் பிள்ளைகள் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்" என்று ஒரு வரி. இதே வரியை உங்கள் பத்திரிகையில் முன்பும் படித்திருக்கிறேன். வயதான நோயாளிகளை டிஸ்சார்ஜ் செய்து அனுப்பும் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அது ஒவ்வொரு முறையும் வலிக்கிறது.

இங்கே 65 வயதைத் தாண்டியவர்களில், முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நர்சிங் ஹோமில் இருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. முடியாதவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் எழுப்பிப் பாத்ரூம் அழைத்துப் போவது பெரும்பாலும் வீட்டு மனிதர்கள்தான். அதற்கு லீவு எங்கே? 1993-ல் வந்த மத்தியச் சட்டம் தருவது ஆண்டுக்கு 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். நிறுவனத்தில் 50 பேராவது வேண்டும், நீங்கள் ஓராண்டு வேலை பார்த்திருக்க வேண்டும், அதில் 1,250 மணி நேரம் கணக்கில் வர வேண்டும். அப்பா அம்மாவுக்கு எடுக்கலாம்; மாமனார் மாமியாருக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் தனியாகச் சம்பள விடுப்பு வைத்திருக்கின்றன.

பணத்தைப் பற்றியும் கட்டுரையாளர் தவறாக எழுதிவிட்டார். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. "மெடிகேர் எல்லாம் பார்த்துக்கொள்ளும்" என்பது சரியல்ல. குளிப்பாட்ட, ஊட்டிவிட மட்டும் ஆள் தேவை என்றால் ஒரு நாளுக்குக்கூட ஹோம் செலவைத் தராது. நர்ஸின் சிகிச்சையோ பிசியோதெரபியோ தேவைப்பட்டால் அதிகபட்சம் 100 நாள்; முதல் 20 நாள் முழுதாக, 21-ஆம் நாளிலிருந்து தினமும் ஒரு பங்கு நம் கையிலிருந்து. அதற்கும் முன்னால், மூன்று நாள் மருத்துவமனையில் 'இன்பேஷன்ட்' ஆக, அதாவது முறைப்படி அட்மிட் ஆன உள்நோயாளியாக, இருந்திருக்க வேண்டும்.

குடும்பங்கள் விழுவது இங்கேதான். பாட்டி இடுப்பில் அடிபட்டு வார்டில் மூன்று இரவு படுத்திருப்பார். கையில் பட்டை, கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஃபைலில் மட்டும் 'அப்சர்வேஷன்' என்று, அதாவது அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில் வைத்திருப்பதாக, இருக்கும். அந்த நாள்கள் கணக்கில் சேராது. ஹோம் பில் முழுதும் குடும்பத்தின் தலையில். அப்சர்வேஷன் 24 மணி நேரத்தைத் தாண்டினால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் என்பது விதி. பதற்றத்தில் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மெடிகெய்டு வேறு திட்டம்; வசதி குறைந்தவர்களுக்கு மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து தரும் மருத்துவ உதவி. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். நீண்ட நாள் ஹோம் செலவை அது ஏற்கும். ஆனால் பல மாநிலங்களில் தனியாக இருப்பவரின் கையிருப்பு 2,000 டாலருக்கு இறங்கிய பிறகுதான். விண்ணப்பிப்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் பணத்தை யாருக்காவது கொடுத்தாரா என்று கணக்கைப் புரட்டுவார்கள். பேரனின் காலேஜுக்குக் கொடுத்ததும் அதில் வரும், அதற்கேற்ப உதவி தள்ளிப்போகும். இறந்த பிறகு வீட்டின் மேலும் மாநிலம் உரிமை கோரலாம்.

பிள்ளைகளுக்கு 18 ஆனதும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றும் முன்பு எழுதினீர்கள். 2020-ல் 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் பாதிக்கு மேல் பெற்றோர் வீட்டில்தான் இருந்தார்கள். விசாரித்துவிட்டு எழுதக் கூடாதா?

நான் கேட்பது இவ்வளவுதான். மெடிகேர் பற்றிய வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். பிள்ளைகளிடம் வந்து தங்கும் நம் ஊர்ப் பெற்றோரும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். கிரீன் கார்டில் வருபவர், தாமோ துணைவரோ இங்கே போதிய காலம் வேலை பார்த்திருக்காவிட்டால், ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகே மெடிகேரை, அதுவும் பிரீமியம் கட்டி, வாங்க முடியும். மெடிகேர் உள்ளவரை வார்டில் சேர்த்த முதல் இரவே "இன்பேஷன்டா, அப்சர்வேஷனா?" என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி ஒரு சின்னப் பெட்டிச் செய்தியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொலம்பஸ், ஒஹாயோ