ஐஸ் நேற்றுப் பிறந்ததன்று

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞர்கள் கைதாகும் செய்திகளை உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து படித்துவருகிறேன். இது இந்தத் தலைமுறையின் ஒழுக்கக்கேடு என்றே ஊரில் பலரும் பேசுகிறார்கள். முப்பது ஆண்டுகள் மருந்துக் கலவையாளனாகப் பணியாற்றியவன் என்ற முறையில், அந்தப் பொருள் வந்த வழியைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐஸ் என்பது மெத்தம்பெட்டமைன். 1893இல் ஜப்பானில் நாகாய் நாகயோஷி எபெட்ரின் என்ற மருந்துப்பொருளிலிருந்து அதை ஆக்கினார். 1919இல் அகிரா ஒகாட்டா பளிங்கு வடிவில் பெற்றார். அதைப் பெருந்தொகையாகக் கைகளில் கொடுத்தவர்கள் கடத்தல்காரர்கள் அல்லர், படைகளே. ஜேர்மனியில் 1938 முதல் பேர்விட்டின் என்ற பெயரில் விற்பனையான இக்குளிசை, பிரான்சின்மீது படையெடுத்த 1940ஆம் ஆண்டின் ஏப்ரல் தொடக்கம் ஜூலை வரையான காலத்தில் மட்டும் 35 மில்லியனுக்கு மேல் தரைப்படைக்கும் விமானப்படைக்கும் அனுப்பப்பட்டது. நேச நாட்டுப் படைகள் இதே இனத்தைச் சேர்ந்த பென்சட்ரின் என்ற அம்பெட்டமைன் குளிசையைக் கொடுத்தன. பகைவரின் ஆநிரை கவர்ந்து மீண்ட வெட்சித்திணை வீரர் கள்ளுண்டு களித்ததை ‘உண்டாட்டு’ என்று தனித் துறையாகவே வகுத்த மொழி நம்முடையது. ஆயினும் அது மீண்டபின் அருந்திய கள். இக்குளிசையோ நித்திரையையும் களைப்பையும் விலக்கித் தொடர்ந்து போரிடுவதற்கென்றே கொடுக்கப்பட்டது.

ஜப்பானில் நடந்ததை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். அங்கே பிலோப்பொன் என்ற பெயரில் படையினருக்கும் இரவு வேலை செய்த தொழிலாளருக்கும் கிடைத்த அதே மருந்து, 1945இல் போர் முடிந்தபின், வீடும் வேலையும் இழந்து நின்ற மக்களிடையே பரவியது. 1951இல் தடைச்சட்டம் வந்தும், 1954இல் மட்டும் 55,000க்கு மேற்பட்டோர் கைதானார்கள். துப்பாக்கி ஓய்ந்த பிறகே நோய் ஊருக்குள் வந்தது.

வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கப் படையினரை லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் பின்தொடர்ந்தார். நாடு திரும்பிய முதலாண்டில் அவர்களுள் மீண்டும் அடிமையானோர் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவர்தான். போதையைப் பழக்கிய களம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது என்பதே இதற்குப் பெருங்காரணம் என நான் கருதுகிறேன். எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. போர் நடந்த இடமும் திரும்பி வாழவேண்டிய வீடும் எங்களுக்கு ஒன்றே. இன்று பிடிபடும் பிள்ளைகளிற் பலர், இங்கே போர் முடிந்த 2009இல் குழந்தைகள். போரை நேரில் காணாதவர்களும், அதைக் கண்டு உறைந்துபோன பெற்றோரின் மடியிலேதான் வளர்ந்தார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தாய் மருந்தகம் மூடும் நேரத்தில் வந்து, மகனுக்குத் தெரியாமல் தேநீரில் கலந்து கொடுக்க ஏதாவது குளிசை உண்டா என்று கேட்டார். வைத்தியசாலைக்குக் கூட்டிச்சென்றால் அயலுக்குத் தெரிந்துவிடும், தங்கச்சியின் கலியாணம் குழம்பிவிடும் என்று அழுதார். அப்படிக் குளிசை ஒன்றும் இல்லை என்று சொல்வதைத் தவிர என்னிடம் வேறு பதில் இருக்கவில்லை.

விற்பவரைச் சட்டம் தண்டிக்கட்டும். ஆனால் பாவித்துப் பிடிபட்ட பிள்ளையின் படத்தையும் ஊர்ப்பெயரையும் பிரசுரிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த இடத்தில், யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் உள்ள மனநலப் பிரிவுகளை எந்த நாட்களில், எப்படி நாடலாம் என்ற விவரத்தை ஒவ்வொரு கைதுச் செய்தியின் கீழும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருந்துக் கலவையாளர்,
சாவகச்சேரி.